மேல்வரிசையில் புகை

அந்த ஊரில் விடிந்ததும் யாரும் முதலில் வானத்தைப் பார்க்க மாட்டார்கள், கூரையைப் பார்ப்பார்கள். தன் வீட்டுக் கூரையை அல்ல, அடுத்தவர் வீட்டுக் கூரையை.

மலைச்சரிவில் மேலும் கீழுமாக மூன்று வரிசை வீடுகள். ஒவ்வொரு வரிசையும் ஒரே நீளமான கட்டடம். இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஒரே முகட்டு உத்தரம் ஓடும். அதன் இருபுறமும் தட்டைக் கற்களை மீன் செதில் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி அடுக்கிய கூரை. வெளிச்சுவர்தான் கல். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் பலகைத் தடுப்பும் அதன்மேல் மண்பூச்சும் மட்டுமே. அந்தத் தடுப்பும் விட்டம் வரைக்கும்தான். அதற்கு மேலே வரிசை முழுக்கப் பொதுவான இருட்டு. ஒரு வீட்டில் யாராவது தும்மினால் அடுத்த வீட்டிலிருந்து 'நூறாயுசு' என்று குரல் வரும்.

புகைபோக்கி என்று தனியாக எதுவும் கிடையாது. வீட்டின் நடுவே தரையில் கணப்பு. அதில் மூட்டும் நெருப்பின் புகை எழுந்து, விட்டங்களையெல்லாம் தடவிக்கொடுத்துவிட்டு, கூரைக்கல் இடுக்குகள் வழியே கசிந்து வெளியே போகும். புகை குடித்த மரம் கறுத்து இறுகிவிடும். பூச்சி அரிக்காது, ஈரம் ஏறாது. புகை காணாத வீடு சில மழைக்காலம்தான் தாங்கும். அப்புறம் விட்டம் இற்று, ஒரு நாள் கல்லும் மரமுமாகக் கீழே உட்கார்ந்துவிடும். தனியாகவும் உட்காராது. ஒரே உத்தரம் ஆயிற்றே, பக்கத்து வீட்டையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் உட்காரும்.

அதனால் அங்கே கூரையில் புகை என்றால், வீடும் நன்றாக இருக்கிறது, வீட்டு ஆளும் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். வெயில் முற்றத்துக்கு இறங்கிய பிறகும் ஒரு கூரை சும்மா இருந்தால், யாராவது போய்க் கதவைத் தட்டுவார்கள். பெரும்பாலும் உள்ளேயிருந்து, "தூங்கிட்டேன்ப்பா, அதுக்காகக் கதவை உடைச்சுடாதே" என்று பதில் வரும். அந்தப் பதிலைக் கேட்கத்தான் தட்டுவது.

சாவியம்மா கீழ்வரிசையின் முதல் வீட்டுக்காரி. ஊரை விட்டு இறங்குகிற பாதை அவள் வாசலை ஒட்டித்தான் போகும். ஊர் காலியாக ஆரம்பித்தபோது, மூட்டை முடிச்சோடு இறங்கியவர்கள் எல்லாரும் கடைசியாக நின்றது அந்த வாசலில். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கீழே, ஆஸ்பத்திரி கீழே, வேலை கீழே. போனவர்களை அவள் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அவள் மகனே கீழே போய் லாரி ஓட்டுகிறவன்தான். "அக்கா, இதைக் கொஞ்சம் வெச்சிருங்க, சீக்கிரம் வந்துடுவோம்" என்று ஆளுக்கொரு சாவியை நீட்டினார்கள். வாங்கி இடுப்பில் செருகினாள். இரும்புச் சாவிகள், ஒவ்வொன்றும் கரண்டிக் காம்பு கனம். நடந்தால் சத்தம் முன்னால் வரும், ஆள் பின்னால் வருவாள்.

சாவி வாங்கியவளுக்கு வீட்டைச் சும்மா பூட்டி வைக்க மனசு வரவில்லை. கதவைத் திறந்து காற்றுக் காட்டினாள். பிறகு கணப்பு மூட்டினாள். அவள் கணவர் தச்சர். ஊரில் இற்றுப்போன விட்டம் எதுவானாலும் அவர்தான் மாற்றுவார். அவர் இறந்த பிறகு, இற்றுப்போகாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் வழி என்று அவளுக்குத் தோன்றியிருக்கலாம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முதலில் சுள்ளியைப் போட்டு எரித்தாள். தீ குதித்தது, அறை சூடானது, மரத்துக்கு ஒன்றும் ஒட்டவில்லை. பச்சை விறகைப் போட்டாள். கண்ணைக் கரித்ததே தவிர பாதியில் அணைந்துபோனது. இப்படிக் கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டாள். அரைகுறையாகக் காய்ந்த வேர்க்கட்டையை அடியில் தணல் பரப்பி உட்கார வைக்க வேண்டும். சாம்பலால் மூட வேண்டும். அதன்மேல் நனைத்த உமி. காற்றுக்கு ஒரு பக்கம் விரல் நுழைகிற இடைவெளி, அவ்வளவுதான். பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு வந்துவிடலாம். நெருப்பு உள்ளே தன்பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டிருக்கும். நீல நிறத்தில், சோம்பலாக, கூரையை விட்டு எழ மனசில்லாத மாதிரி தட்டையாகப் படர்ந்து புகை வரும்.

"நான் மூட்டினா மூணாம் நாள் காலையிலயும் கனல் இருக்கும்" என்று அவள் ஒருமுறை பெருமையடித்தாள்.

"அளக்காதே அண்ணி. உன் அடுப்பே பொழுது சாயறதுக்குள்ள அணைஞ்சு கிடக்கும்" என்றாள் குருவி.

குருவி அவள் நாத்தனார், தச்சரின் தங்கை. சின்ன உடம்பு, ஓயாத வாய். அண்ணன் வைத்த பெயர்தான் ஊர்ப்பெயராகவும் நிலைத்தது. சாவியம்மா மணமாகி அந்த வீட்டுக்குள் நுழைந்த அன்று, தாழ்ந்த நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டாள். எல்லாரும் பதற, அப்போது பாவாடை கட்டிய பிள்ளையாக இருந்த குருவி மட்டும், "அண்ணி உயரமில்லை, வாசல்தான் குள்ளம்" என்று சிரித்தாளாம். அன்றைக்குத் தொடங்கியது அந்த வாய். 'நீங்க' என்று ஆரம்பித்தவள் எப்போது 'நீ'க்கு வந்தாள் என்பது இருவருக்குமே நினைவில்லை.

குருவி கல்யாணமாகிப் போனாள், பிள்ளையில்லை, புருஷன் போனதும் மேல்வரிசையில் இருந்த பெற்றோர் வீட்டுக்கே திரும்பி வந்தாள். தச்சர் தன் வேலைக்குத் தோதாக முன்பே கீழ்வரிசைக்கு இறங்கிவிட்டிருந்தார். சாகும்போது தங்கையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்திருப்பார்.

மேல்வரிசையில் ஒவ்வொரு வீடாகப் பூட்டப்பட்டுக் கடைசியில் குருவி ஒருத்திதான் மிச்சம். சாவியம்மாவுக்கு முழங்கால் மக்கர் செய்ய ஆரம்பித்திருந்தது. கீழ்வரிசைக்கும் நடுவரிசைக்கும் புகை போடவே சரியாக இருந்தது. மேல்வரிசைக் காலி வீடுகளுக்கு ஏற முடியவில்லை. ஆக, அந்த நீளக் கூரை முழுவதிலும் எந்த இடுக்கில் புகை தெரிந்தாலும் அது குருவியின் புகைதான்.

இருவருக்கும் காலையில் ஒரு போட்டி. யார் கூரையில் முதலில் புகை வருகிறதோ அவள் ஜெயித்தாள். தோற்றவள் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். காற்று அடங்கிய காலைகளில் குருவியின் குரல் சரிவு முழுக்கக் கேட்கும்.

"என்ன அண்ணி, உன் கூரைக்கு இன்னும் விடியலையா?"

"நான் எழுந்து ஒரு யுகம் ஆச்சுடி. விறகு ஈரம்!"

"உனக்கு மட்டும் தினம் விறகு ஈரம். கல்யாணமாகி வந்த நாள்லேருந்து இதே சாக்கு!"

நடுவரிசையில் குடியிருந்த கொத்தனார் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்வார். "சேவல் இல்லாத குறையை ரெண்டு பேரும் தீர்த்து வைக்கிறீங்க" என்பார்.

சாவியம்மா பலமுறை கூப்பிட்டுப் பார்த்தாள். "கீழே வந்துடுடி. ஒத்தையில கிடந்து என்ன பண்றே? வழுக்கி விழுந்தாக்கூட யாருக்கும் தெரியாது."

"ஏன் தெரியாது? புகை வரலைன்னா நீ மூச்சு வாங்கிக்கிட்டு ஏறி வந்துட மாட்டே?"

"முழங்காலை வெச்சுக்கிட்டா?"

"திட்டிக்கிட்டே வருவே. வருவேல்ல?"

"வராம?"

"அப்புறம் என்ன. ஒரே வீட்ல இருந்தா யாரு ஜெயிச்சான்னு எப்படித் தெரியும்?"

பேச்சை அங்கேயே முடித்துவிடுவாள். குருவியிடம் ஒரு செல்போனும் இருந்தது. பாறை மறைப்பதால் மேல்வரிசையில் சிக்னல் கிடைக்காது. அது அரிசி டப்பாவுக்குள் கிடந்தது, பூச்சி வராமலிருக்கப் போட்ட வேப்பிலைக்குத் துணையாக.

ஆகவே சாவியம்மாவுக்கு ஒரு நாள் நல்லபடியாகத் தொடங்குவதற்குத் தேவைப்பட்டது ஒன்றுதான். தன் வாசலில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது மேல்வரிசையில் புகை இருக்க வேண்டும். இருந்தால், "எழுந்துட்டா" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு உள்ளே போவாள். தோற்ற நாட்களில்கூட அந்த ஒரு சொல்லில் நிம்மதி இருக்கும்.

பழைய கட்டடங்களைப் பராமரிக்கிற ஆபீஸிலிருந்து ஒருவர் வருஷத்துக்கு ஓரிரு தடவை ஏறி வருவார். வயசு அதிகமில்லை, பொறுமையான மனிதர். சாவியம்மா அவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். அந்தத் தடவை மழைக்கு முன்னால் வந்தார். மேல்வரிசையின் காலி வீடுகளுக்குள் போய், ஏணி போட்டு, ஊசிமுனைக் கருவியால் விட்டங்களைக் குத்திப் பார்த்தார். ஒரு வீட்டில் முனை வெண்ணெயில் இறங்குவது மாதிரி இறங்கியது. அது பல்லுக்காரர் வீடு. முன்பல் எடுப்பாக இருந்த ஒருவர் அங்கே குடியிருந்தார். அவர் போனாலும் பல் போகவில்லை. குருவியின் வீட்டுக்கு அடுத்த வீடு அதுதான்.

"அம்மா, இதுக்கும் புகை போட்டாத்தான் இந்த மழை தாங்கும். இது இறங்கினா பக்கத்து வீட்டையும் சேர்த்து இறக்கிடும். உங்களால ஏற முடியுமா?"

"முழங்காலைக் கேட்டுச் சொல்றேன், தம்பி."

"விறகை மேலே கொண்டுவந்து போடச் சொல்லிடறேன். நீங்க வந்து மூட்டிட்டுப் போனாப் போதும்."

அவர் சொல்லியிருக்க வேண்டியதேயில்லை. 'பக்கத்து வீடு' என்று அவர் சொன்னபோதே அவள் முடிவு செய்துவிட்டாள். விட்டம் காப்பாற்றப்படும் என்பது ஒரு பக்கம். பல்லுக்காரர் வீட்டுக் கணப்பு எரிந்தால் நடுத்தடுப்பு சூடேறும், குருவியின் படுக்கை அந்தத் தடுப்பை ஒட்டித்தான் இருக்கிறது, மழைக்குளிருக்கு இதமாக இருக்கும் என்றும் கணக்குப் போட்டாள். விட்டத்தைப் பற்றி யோசித்தாள், தீப்பொறியைப் பற்றி யோசித்தாள், உமி போதுமா என்று யோசித்தாள். எல்லாவற்றையும் ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்க்கிறவள். ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை.

மேகம் கட்டியிருந்த ஒரு பிற்பகலில், கைத்தடியோடு நின்று நின்று ஏறினாள். பல்லுக்காரர் வீட்டைத் திறந்து, பெருக்கி, பெரிய வேர்க்கட்டையாகப் பார்த்து உட்கார வைத்து, தணல் பரப்பி, சாம்பல் மூடி, உமி போட்டு, கதவைப் பூட்டினாள். அப்படி நிறைவாக ஒரு நெருப்பை அவள் அதுவரை அமைத்ததில்லை.

பிறகு குருவியின் வீட்டில் டீ குடித்தார்கள். உயரமான வாசற்படியைத் தாண்ட சாவியம்மா கதவைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கியதைப் பார்த்துக் குருவி சிரித்தாள்.

"கொக்கு மாதிரி வரே."

"நீ மட்டும் என்ன, உன் கால் இப்ப நேராவா இருக்கு?"

"நான் பறந்துடுவேன், குருவியாச்சே."

தடுப்புக்கு மேலாகப் புகை மெல்ல வந்துகொண்டிருந்தது. குருவி மூக்கை உறிஞ்சினாள். "பல்லுக்காரர் வீட்ல சமைக்கிற மாதிரியே இருக்கு. அந்தப் பசங்க சத்தம்தான் இல்லை." டீயை ஊதிக்கொண்டே சொன்னாள், "இனிமே நீ என்னை ஜெயிக்கவே முடியாது, அண்ணி. நான் இழுத்துப் போர்த்திக்கிட்டுத் தூங்கினாலும் பக்கத்து வீடு எனக்காகப் புகைஞ்சுக்கிட்டு இருக்கும்."

"அது கள்ளாட்டம்டி."

"நீதானே மூட்டினே? அப்ப கள்ளாட்டம் உன்னோடது."

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். சொன்னவளுக்கும் தான் சொன்னது என்ன என்று காதில் விழவில்லை; கேட்டவளுக்கும் விழவில்லை. மழை தொடங்குவதற்குள் இறங்க வேண்டும் என்று சாவியம்மா எழுந்துவிட்டாள்.

அன்று மாலையே மழை பிடித்தது. மறுநாள் காலையில் சரிவு முழுக்க மூடுபனி. சாவியம்மா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாள். பனி கொஞ்சம் விலகியபோது மேல்வரிசைக் கூரை தெரிந்தது. புகை இருந்தது.

"எழுந்துட்டா" என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனாள்.

அதற்கு அடுத்த காலையும் மழை. புகை இருந்தது. ஆனால் தட்டையாக, நீலமாக, கூரையோடு ஒட்டிப் படர்ந்துகொண்டிருந்தது. குருவி எப்போதும் சுள்ளியில் மூட்டுகிறவள். அவள் புகை காலையில் குபுக்கென்று எழுந்து சீக்கிரம் மெலிந்துவிடும். சாவியம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், "விறகு ஈரமா இருக்கும்."

"ஏய் குருவி!" என்று ஒரு குரலும் கொடுத்தாள். மழைச் சத்தத்தில் பதில் வரவில்லை. "ஜெயிச்ச கர்வம், பேச மாட்டா" என்று முனகிக்கொண்டு அடுப்புப் பக்கம் போனாள். படிகளில் தண்ணீர் வாய்க்காலாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த முழங்காலோடு ஏறுவதற்குக் காரணம் எதுவும் அவள் கண்ணில் படவில்லை.

மூன்றாம் நாள் மழை விட்டது. வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. சாவியம்மாவின் கூரையில் புகை எழுந்தது. மேலே ஒன்றுமில்லை. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டு நாள் தோற்றவள். வாசலுக்கு வந்து, வாயருகே கையைக் குவித்து, சரிவு அதிரக் கத்தினாள்:

"குருவி! இன்னிக்கு நான் ஜெயிச்சேன்டி! எழுந்திரு!"

நடுவரிசையில் கொத்தனார் எட்டிப் பார்த்தார். "இன்னிக்கு என்ன, குருவி வாயையே திறக்கலை?"

"தோத்துட்டால்ல. மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருப்பா."

வெயில் மேல்வரிசை முற்றத்துக்கு வந்தது. புகை வரவில்லை. சாவியம்மா அந்தக் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். எந்த நொடியில் அது அவளுக்குப் புரிந்தது என்று பிறகு கேட்டபோது அவளால் சொல்ல முடியவில்லை. வேர்க்கட்டை தீர்ந்திருக்கிறது என்பதுதான் முதலில் தோன்றியதாம், வேலை தெரிந்த ஒருத்திக்குத் தோன்றுவது மாதிரி. 'சரியா மூணாம் நாள்' என்று. அடுத்த மூச்சில் கைத்தடியைக்கூட எடுக்காமல் படியில் ஏறிக்கொண்டிருந்தாள். இடுப்புச் சாவிகள் அப்படிச் சத்தம் போட்டதைக் கேட்டுக் கொத்தனாரும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டுப் பின்னால் ஓடினார்.

குருவியின் கதவு தாழிடப்படவில்லை. உள்ளே கணப்பு வெள்ளைச் சாம்பலாக ஆறிக் கிடந்தது. வாசற்படிக்கு உள்பக்கம் சுள்ளிக்கட்டு சிதறியிருந்தது. குருவி அங்கே இல்லை. நடுத்தடுப்பை ஒட்டித் தரையில் கிடந்தாள். விழுந்த இடத்திலிருந்து அதுவரைக்கும் உடம்பை இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள். தரை மண்ணில் தடம் இருந்தது. வழியில் கைக்கெட்டிய தண்ணீர்க் குடத்தைச் சாய்த்துக் கொஞ்சம் குடித்திருக்கிறாள். கையில் மர அகப்பை. தடுப்பின் மண்பூச்சு தரையோரம் ஒரு கை அகலத்துக்கு உதிர்ந்து, பலகை தெரிந்தது.

கண் திறந்திருந்தது.

"அண்ணி" என்றாள். குரல் காற்றாக வந்தது. "எவ்வளவு நேரம் தட்டறது? காது கேட்கலையா உனக்கு?"

சாவியம்மா அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். உடம்பு ஈரக்கல் மாதிரி இருந்தது. "எங்கேடி தட்டினே? நான் கீழேல்ல இருந்தேன்."

"பக்கத்து வீட்ல இருந்தேல்ல? புகை வந்துச்சே. விழுந்த உடனே புகை வாசம் வந்துச்சு. அண்ணி உள்ளே இருக்கா, கட்டையைக் கிளறிக்கிட்டு இருக்கான்னு நினைச்சேன். தட்டினேன். அப்புறம் தூங்கிட்டேன் போல. முழிச்சா அப்பவும் புகை. இன்னும் போகலை, இன்னும் போகலைன்னு தட்டிக்கிட்டே இருந்தேன்."

கொத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பல்லுக்காரர் வீட்டுக் கதவு ஒன்றைக் கழற்றி, அதில் குருவியைக் கிடத்தி, அவரும் இன்னொருவருமாகக் கீழே தூக்கி வந்தார்கள். அவள் எடை அந்தக் கதவின் எடைகூட இல்லை.

மழை பாதையை ஓரிடத்தில் அறுத்துப் போயிருந்தது. அதைக் கடந்து கீழேயிருந்து நர்ஸம்மா நடந்து ஏறி வந்தார். இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது என்றார். அதைவிட நெஞ்சில் கட்டியிருக்கிற சளிதான் மோசம், குளிர்ந்த தரையில் இவ்வளவு நேரம் கிடந்திருக்கக் கூடாது என்றார். ஊசி போட்டார். பாதை சரியானதும் ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்படித்தான் கடைசியில் குருவி கீழ்வரிசைக்குக் குடிவந்தாள். கணப்புக்குப் பக்கத்தில் படுக்கை. சாவியம்மா அந்த இடத்தை விட்டு நகரவில்லை. சுள்ளியாகப் போட்டுத் தீயைத் துள்ள வைத்தாள். விட்டத்துக்கு ஒட்டுகிறதா என்றெல்லாம் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் குருவி கேட்டாள், "யாரு ஜெயிச்சா?"

"நீதான்."

"ஒரே வீட்ல இருந்துக்கிட்டு எப்படி?"

"நீதான் ஜெயிச்சே. பேசாம கிட."

சாவியம்மாவால் அதற்கு மேல் அடக்கி வைக்க முடியவில்லை. தினமும் கூரையைப் பார்த்ததையும், புகை இருந்ததையும், 'எழுந்துட்டா' என்று சொல்லிக்கொண்டதையும், இரண்டாம் நாள் புகை தட்டையாக இருந்தும் விறகு ஈரம் என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டதையும், கடைசி நாள் ஜெயித்துவிட்டேன் என்று கத்தியதையும்கூட ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

குருவி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். சிரிப்பு வந்தது அவளுக்கு. சிரித்ததில் இடுப்பு வலித்து முகம் சுருங்கியது.

"அப்ப நீ அதைப் பார்த்து நான்னு நினைச்சே. நான் அதைப் பார்த்து நீன்னு நினைச்சேன். நடுவுல யாருமே இல்லாத வீடு."

"என்னை நாலு வார்த்தை திட்டேன்டி."

"மூச்சு பத்தலை, அண்ணி. அப்புறம் திட்டறேன்." கொஞ்ச நேரம் கழித்து, "நெசமாவே மூணு நாள் எரிஞ்சுச்சா அது?" என்று கேட்டாள்.

"எரிஞ்சுச்சு."

"நான் நம்பலை பாரு" என்றாள்.

பாதையைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். அது முடிவதற்குள், இன்னொரு காலையில், சாவியம்மா குனிந்து கணப்பை ஊதிக்கொண்டிருந்தபோது பின்னால் மூச்சுச் சத்தம் நின்றது. அவள் உடனே திரும்பிப் பார்க்கவில்லை. நெருப்பு பற்றிக்கொள்கிற வரைக்கும் ஊதினாள். பற்றிக்கொண்டது. புகை எழுந்து விட்டத்துக்குப் போனது. அதன் பிறகுதான் திரும்பினாள்.

மேல்வரிசைக்கும் மேலே, தச்சருக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். கீழே போனவர்கள் சிலர் வந்திருந்தார்கள். பல்லுக்காரர் மகனும் வந்திருந்தான், அதே பல்லோடு. தன் வீட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, வீடு வீடாவே இருக்கு. நல்லாப் பார்த்துக்கிட்டிருக்கீங்க, அத்தை" என்று மனசாரச் சொன்னான். சாவியம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

மழைக்காலம் முடியுமுன் ஆபீஸ் தம்பி வந்தார். விஷயம் கேள்விப்பட்டிருந்தார். "நான்தான் அம்மா உங்களை மேலே மூட்டச் சொன்னது" என்றார்.

"நீங்க விட்டத்தைப் பார்த்துச் சொன்னீங்க, தம்பி. நெருப்பு என்னோடது."

மேல்வரிசையைப் பற்றி அவர் கேட்கத் தயங்கினார். இப்போது அதில் குருவியின் வீடும் காலி. சாவியம்மாவே சொன்னாள்.

"புகை போடறேன். ஆனா மூட்டிட்டுப் பூட்டிக்கிட்டு வர மாட்டேன். நான் உள்ளே இருக்கிற வரைக்கும்தான் நெருப்பு. எழுந்து வரும்போது அணைச்சுட்டுத்தான் வருவேன்."

"அப்படின்னா ஒரு நாளைக்கு ஒரு வீட்டுக்குமேல முடியாதேம்மா."

"முடியாது."

"விட்டத்துக்குப் போதாது."

"போதாதுன்னு எனக்கும் தெரியும்."

அவர் எழுந்து பாதையில் இறங்கிப் போனார். கொத்தனார்தான் பிறகு தனியாக வந்து சண்டை போட்டார். "இப்படிப் பண்ணினா அந்த வரிசை இன்னும் எத்தனை மழைக்கு நிக்கும்? குருவி இருந்த வீடு அது, அதையும் சேர்த்துத்தான் விடப்போறீங்களா?" என்றார். சாவியம்மா முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்டாள். மாறவில்லை.

இப்போது அவள் நாட்கள் இப்படிப் போகின்றன. ஒரு வீட்டைத் திறக்கிறாள். மூட்டுவதற்கு முன்னால் இரண்டு பக்கத் தடுப்பிலும் சாவிக்கொத்தால் தட்டி, "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்கிறாள். கூட்டமாக வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் வாசலில் நின்று இதைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். பதில் வராது என்று தெரிந்தும் பதிலுக்கு இடம் விட்டு நிற்கிறாள். பிறகு மூட்டிவிட்டு, பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்காருகிறாள். கண் எரிந்தால் துடைத்துக்கொள்கிறாள். வெயில் சாயும்போது தண்ணீர் தெளித்து அணைத்து, சாம்பலுக்குள் விரலை விட்டுச் சூடு இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் பூட்டுகிறாள். குருவியின் வீட்டில் மட்டும், தரையோரம் உதிர்ந்த மண்பூச்சைப் பூசாமல் அப்படியே விட்டிருக்கிறாள்.

மேல்வரிசை காலையில் ஒன்றுமில்லாமல் இருக்கிறது. இருந்தாலும் அவள் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்ப்பது நின்றபாடில்லை.

ஒரு நாள் அவள் எழுந்திருக்கவேயில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுந்து யாருக்கு மூட்டுவது என்று பாயிலேயே கிடந்தாள். வெயில் முற்றத்துக்கு வந்துவிட்டது. நடுவரிசையிலிருந்து கொத்தனாரின் குரல் வந்தது. கூச்சப்பட்டுக்கொண்டு, பழக்கமில்லாத ஆள் பாடுகிற மாதிரி ஒரு குரல்.

"என்ன சாவியம்மா, உன் கூரைக்கு இன்னும் விடியலையா?"

அவள் புரண்டு படுத்தாள். அவர் இன்னொரு தடவை கூப்பிட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு படியில் இறங்குகிற சத்தமும் கேட்டது.

சாவியம்மா எழுந்து உட்கார்ந்தாள். அடுப்பருகே சுள்ளிக்கட்டு இருந்தது. ஒன்றை எடுத்து ஒடித்தாள். வாசல் பக்கம் முகத்தைத் திருப்பி, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாள்:

"விறகு ஈரம்!"

சுள்ளி அவள் கையில் படீரென்று ஒடிந்திருந்தது. நன்றாகக் காய்ந்த விறகுதான்.